நாய்க்கு நம் முகம் தெரியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வரிசை வீட்டில் பதினோரு ஆண்டுகளாக என் நாய் மணியோடு இருக்கிறேன். குட்டியாக இருந்தபோது கடைவீதிக் கால்வாய் ஓரத்தில் கிடைத்தவன். மாலையில் அவனை நடக்கக் கூட்டிப்போனால் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) யாராவது நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்பார்கள். பத்தில் எட்டு, நாய் நம் முகத்தை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சுற்றியே இருக்கும். தைப்பூசம் முடிந்த வாரத்தில் வரும் கேள்வி ஒன்று உண்டு, அது ஓர் ஆண்டுகூடத் தவறியதில்லை. நான் மிருக வைத்தியர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளைப் பல ஆண்டுகளாகத் தேடிப் படிக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"நாய்க்கு மூக்குதானே எல்லாம்? நம்ம முகத்தை அது பார்க்குதா என்ன?"

பார்க்கிறது. மூக்குதான் அதன் பெரிய பலம், சரி. ஆனால் வாசம் காற்றோடு வந்து சேர வேண்டும். நீங்கள் சாலையின் மறுபக்கம் நிற்கும்போது காற்று வேறு பக்கம் அடித்தால் கண்ணும் காதும்தான் கைகொடுக்கும்.

இத்தாலியில் பாடுவா பல்கலைக்கழகத்தார் 2010-ல் ஒரு ஆய்வு செய்தார்கள். ஓர் அறையில் நாயை வைத்து, அதை வளர்ப்பவரும் முன்பின் தெரியாத ஒருவரும் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள். நாய்கள் தங்கள் வீட்டு மனிதரையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தன. இருவரும் முகத்தை மூடிக்கொண்டு நடந்தபோது அந்த ஈடுபாடு குறைந்துபோனது. ஆள் அதே ஆள், நடையும் அதே நடை. முகம் மறைந்ததுதான் மாற்றம்.

இன்னொன்று, ஜப்பானின் கியோட்டோவில் 2007-ல் நடந்தது. வளர்ப்பவரின் குரலை ஒலிக்கவிட்டு, பிறகு திரையில் ஒரு முகத்தைக் காட்டினார்கள். குரல் வீட்டுக்காரருடையது, முகம் வேறொருவருடையது என்று வந்தபோது நாய்கள் அதிக நேரம் திரையையே பார்த்தன. குரலைக் கேட்டதுமே இன்ன முகம் வரும் என்று அவை எதிர்பார்த்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. கேட்டுக்கு வெளியே நான் பேசும் சத்தம் கேட்டு மணி வாசலில் காத்திருக்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வரும்.

"அதுக்குக் கருப்பு வெள்ளைதானே தெரியும்?"

இல்லை, நிறம் தெரியும். நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை, நாய்க்கு இரண்டு வகை. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பச்சைப் புல்லில் சிவப்புப் பந்தைப் போட்டுவிட்டு "தேடு" என்றால் அது தடுமாறுவது இதனால்தான். நீலப் பந்து வாங்குங்கள்.

முகத்துக்கு வருவோம். நெற்றிக் குங்குமம் நாய்க்கு மங்கிய கரும்பொட்டு போலத் தெரியும். திருநீற்றுப் பட்டை வெளிச்சமாகத் தெரியும், ஏனென்றால் அது நிறத்தால் இல்லாமல் வெளுப்பால் எடுத்துக்காட்டுகிறது. கண், புருவம், வாய், தலைமுடி எல்லாம் இப்படித்தான். தோலுக்கும் அவற்றுக்கும் இடையில் உள்ள இருட்டு வெளிச்ச வேறுபாட்டைத்தான் நாய் பெரிதும் நம்புகிறது.

"என் முகம் அதுக்கு எவ்வளவு தெளிவா தெரியும்?"

நமக்குத் தெரியும் அளவுக்குத் தெளிவு இல்லை. நல்ல பார்வையுள்ள மனிதர் சுமார் 23 மீட்டர் தூரத்தில் பிரித்தறியும் ஒன்றை, நாய் சுமார் 6 மீட்டருக்கு வந்தால்தான் பிரித்தறியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மிக அருகிலும் சிக்கல் இருக்கிறது. 33 முதல் 50 சென்டிமீட்டருக்குள் உள்ள பொருள் அதற்கு மங்கலாகிவிடும். மூக்கோடு மூக்கு வைத்துக் கொஞ்சும்போது உங்கள் முகத்தை அது கண்ணால் சரியாகப் பார்க்கவில்லை, மோந்துதான் பார்க்கிறது.

அசைவு என்று வந்தால் கதை மாறிவிடும். போலீஸ் நாய்கள் 14-ஐ வைத்துச் செய்த பழைய சோதனை ஒன்றில், மிகக் கூர்மையானவை அசையும் பொருளை 800, 900 மீட்டர் தூரத்தில் கண்டுகொண்டன. அதே பொருள் அசையாமல் நின்றபோது 585 மீட்டருக்குள் வர வேண்டியிருந்தது. அதனால் பூங்காவில் உங்கள் நாய் உங்களைத் தேடித் திகைத்து நின்றால் அப்படியே நிற்காதீர்கள். கையை ஆட்டுங்கள், இரண்டு அடி நடங்கள்.

இருட்டில் அதற்கு நம்மைவிட நல்ல பார்வை. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. கார் விளக்குப் பட்டால் கண் பளபளப்பது அதனால்தான். ஆனால் அந்த வெளிச்சத்தில் கிடைப்பது உருவம், முக நுணுக்கம் கிடைக்காது.

"அக்கா, பத்துமலையில மொட்டை போட்டுட்டு வந்தேன். ஆறு வருஷமா சோறு போடுறவனைப் பார்த்துக் குரைக்குது. என்னைத் தெரியலையா?"

முன்னுரையில் சொன்ன கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதனால் அடி வாங்கிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் கேள்வியில் சொன்ன அதே பாடுவா பல்கலைக்கழகத்தில் 2017-ல் வெளியான ஆய்வு இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. நாய்கள் வளர்ப்பவரையும் அந்நியரையும் முகத்தை வைத்துப் பிரித்தறிய, தலையின் வெளி விளிம்பு தெரிய வேண்டியிருந்தது. விளிம்பை மறைத்துவிட்டு கண், மூக்கு, வாய் மட்டும் தெரியும்படி விட்டால் அவை திணறின. நாம் ஒருவரின் கண்ணையும் மூக்கையும் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவோம். நாய்க்கு முடியும் தலையின் வடிவமும் சேர்ந்ததுதான் முகம். மொட்டை போட்டால் அந்த விளிம்பு ஒரே நாளில் மாறிவிடுகிறது. தாடியையும் சேர்த்து எடுத்திருந்தால் கீழ் விளிம்பும் போச்சு.

மற்றதையும் எண்ணிப் பாருங்கள். தலை நிறையச் சந்தனம் பூசியிருக்கிறீர்கள், உங்கள் வாசத்துக்கு மேல் அந்த வாசம். 272 படி ஏறி இறங்கி, வெயிலில் வெறுங்காலில் நடந்து வந்ததால் நடை மாறியிருக்கிறது. "வேல் வேல்" என்று கத்தித் தொண்டை கட்டிப்போய்க் குரலும் வேறாக இருக்கிறது. நாய் உங்களை அடையாளம் காண வைத்திருந்த நான்கு வழியும் ஒரே நேரத்தில் அடைபட்டுவிட்டது. இதில் நன்றி கெட்டதனம் எங்கே வந்தது? தன் வீட்டுக்குள் தெரியாத யாரோ வருகிறார் என்று அது வீட்டைக் காக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. கேட்டுக்கு வெளியே நின்று, வழக்கமாக அழைக்கும் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். நேராக அதை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் குந்துங்கள். அதுவாக வந்து கையை மோந்து பார்க்கட்டும். என் தம்பி போன முறை மொட்டையோடு வந்தபோது மணிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. குரைப்பு முனகலாகி, முனகல் வாலாட்டலாகிவிட்டது. முடிந்தால் மொட்டை போடும் முன்பு அணிந்திருந்த சட்டையையே வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

"ஹெல்மெட் போட்டவனைப் பார்த்தா மட்டும் ஏன் வெறி பிடிச்ச மாதிரி ஆகுது? மாஸ்க் போட்டாலும் அப்படித்தான்."

ஹெல்மெட் தலை விளிம்பை முழுசாக மாற்றிவிடுகிறது (மொட்டை பற்றிய பதிலைப் பாருங்கள்). கருப்புக் கண்ணாடியும் இறக்கிவிட்டால் கண்ணும் தெரியாது. அதோடு சாப்பாடு கொண்டுவரும் தம்பிகள் வேகமாக வந்து, நேராகக் கேட்டுக்கே நடந்து, உடனே திரும்பிப் போய்விடுகிறார்கள். தான் குரைத்ததால்தான் அவர் ஓடினார் என்று நாய் ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறது.

முகக்கவசம் அந்த அளவுக்குக் குழப்பாது, தலையின் மேல் பகுதி அப்படியே இருக்கிறது. வீட்டிலேயே பழக்கலாம். ஹெல்மெட்டைத் தரையில் வைத்து அதைச் சுற்றித் தின்பண்டம் போடுங்கள். அப்புறம் நாய் பார்க்கும்போதே நீங்கள் போட்டுக் கழற்றுங்கள். இந்தத் தலைக்குள் இருப்பவர் இவர்தான் என்று அது நேரில் பார்க்க வேண்டும்.

"நான் சிரிக்கிறேனா கோபமா இருக்கேனான்னு அதுக்குத் தெரியுமா?"

தெரியும். இதில் நல்ல சான்று 2015-ல் வியன்னாவின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தது. சிரித்த முகம், கோப முகம் என்று படங்களைத் தொடுதிரையில் காட்டிப் பழக்கினார்கள். சில நாய்களுக்கு முகத்தின் மேல் பாதி மட்டும், சிலவற்றுக்குக் கீழ்ப்பாதி மட்டும். பிறகு அதுவரை பார்க்காத மனிதர்களின் முகங்களைக் காட்டியபோதும், பழக்கிய பாதியை விட்டு மறு பாதியைக் காட்டியபோதும் நாய்கள் சரியாகப் பிரித்தன. பல் தெரிகிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் கண் பகுதியைக் காட்டும்போது தோற்றிருக்கும். கோப முகத்தைத் தொட்டால் பரிசு என்று பழக்கிய நாய்கள் கற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்தன. கோபமான முகத்தை நோக்கிப் போவது அவற்றுக்குப் பிடிக்கவில்லை போலும்.

2009-ல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் ஒரு சுவையான விஷயத்தைக் கண்டார்கள். மனித முகத்தைப் பார்க்கும்போது நாயின் பார்வை முதலில் தன் இடப்பக்கம், அதாவது உங்கள் வலக்கன்னப் பக்கம் சாய்கிறது. நாமும் அப்படியே பார்க்கிறோம். ஆனால் இன்னொரு நாயின் முகத்தைப் பார்க்கும்போது நாயிடம் இந்தச் சாய்வு இல்லை. மனித முகத்தைப் படிக்கத் தனி வழக்கம் ஒன்றை அது நம்மோடு வாழ்ந்து கற்றிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

"செருப்பைக் கடிச்சு வச்சுட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. தப்பு பண்ணோம்னு தெரிஞ்சுதானே?"

அந்த முகம் உங்கள் முகத்துக்கான பதில். 2009-ல் வெளிவந்த ஒரு சோதனையில், நாய் உண்மையில் தப்பு செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும், வளர்ப்பவர் திட்டியபோதுதான் அந்தக் "குற்ற முகம்" அதிகம் வந்தது. ஒன்றுமே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அப்படியே நின்றது.

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோதும் இதற்கு ஒத்துப்போகும் ஒன்று தெரிந்தது. மிரட்டும் நாய் முகத்தை நாய்கள் நீண்ட நேரம் பார்த்தன, மிரட்டும் மனித முகத்தில் இருந்து பார்வையை விலக்கிக்கொண்டன. ஆகவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாய் உங்களை அலட்சியம் செய்யவில்லை. சண்டை வேண்டாம் என்று கேட்கிறது.

"பினாங்குல படிக்கிற மக வீடியோ கால் போட்டா, குரலுக்குக் காதைத் தூக்குது, படத்தைக் கண்டுக்கவே மாட்டேங்குது. மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. கைபேசியில் முகம் கட்டைவிரல் அளவு, மேலும் நாம் அதை நாயின் மூக்கருகே நீட்டுகிறோம். அவ்வளவு அருகில் அதற்கு மங்கல் என்று மேலே சொன்னேன். வாசமும் இல்லை.

படமே புரியாது என்றும் சொல்ல முடியாது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆளின் முகத்தை நிஜ அளவில் படமாக வைத்தபோதே நாய்கள் வளர்ப்பவரின் படம் இருந்த பக்கம் போனது தற்செயலைவிட அதிகம். அடுத்த முறை அழைப்பைப் பெரிய தொலைக்காட்சித் திரையில் போட்டு, நாயை ஓரிரு மீட்டர் தள்ளி உட்கார வைத்துப் பாருங்கள். பழைய டியூப் தொலைக்காட்சி நாய்க்கு விட்டு விட்டு மின்னுவதுபோல் தெரிந்திருக்கும், இப்போதைய திரைகளில் அந்தத் தொல்லை குறைவு. மகளை இடது வலது நகர்ந்து பேசச் சொல்லுங்கள்.

"எங்க பக் நாய் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்கும். தம்பி வீட்டு ஜெர்மன் ஷெப்பர்ட் அப்படி இல்லையே?"

மண்டை வடிவத்துக்கு இதில் பங்கு உண்டு. நீண்ட மூக்குள்ள நாய்களுக்கு விழித்திரையின் நரம்பு செல்கள் குறுக்கே ஒரு பட்டையாகப் பரவியிருக்கும், அடிவானம் முழுக்கக் கவனிக்க அது வசதி. குட்டை மூக்குள்ளவற்றுக்கு அவை நடுவில் அதிகம் திரண்டிருக்கும், எதிரில் இருக்கும் ஒன்றை உற்றுப் பார்க்க வசதி. 2004-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டியது இது. வளர்ப்பு முறையும் சேரும், அதனால் தம்பி நாய்க்குப் பாசம் குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம்.

"சிவாவா, ராட்வைலர் ரெண்டுக்கும் ஒரு ஒற்றுமையும் இல்ல. எதிர்ல வர்றது நாய்னு அதுக்கு எப்படித் தெரியுது?"

நேரில் வாசம் உதவும். ஆனால் வாசமே இல்லாத படத்திலும் தெரிகிறது என்று 2013-ல் பிரான்ஸில் ஒரு குழு காட்டியது. ஒன்பது நாய்களிடம் இரண்டு திரைகளில் பக்கம் பக்கமாக இரண்டு முகங்களைக் காட்டினார்கள். ஒன்று ஏதோ ஓர் இன நாய், மற்றது வேறு விலங்கு அல்லது மனிதர். ஒன்பதும் நாய் முகங்களை ஒரே கூட்டமாகப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டன.

"எங்க நாய் தமிழவங்க வந்தா சும்மா இருக்கு. சீனர், மலாய்க்காரர் வந்தா குரைக்குது. நாய் இனம் பார்க்குமா?"

கேட்கத் தயங்கித்தான் கேட்பார்கள், ஆனால் பலர் கேட்டிருக்கிறார்கள். நாய்க்கு இனம் தெரியாது. பழகிய முக வகை, பழகாத முக வகை என்பது தெரியும். ஜப்பானில் 2011-ல் நடந்த ஆய்வில், வளர்ப்பவரின் சிரித்த முகத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்ற நாய்கள், அந்நியர்களிலும் சிரித்த முகத்தைத் தேர்ந்தெடுத்தன. ஆனால் வளர்ப்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து, அதே பாலினத்தவரிடம்தான் நன்றாகச் செய்தன. பழக்கம் அந்த அளவுக்கு வேலை செய்கிறது.

பிறந்த 3-வது வாரத்தில் இருந்து சுமார் 12, 14 வாரம் வரை குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ அது பிற்பாடு சாதாரணமாகிவிடும். கோவிட் தொற்றுக்காக 2020 மார்ச் 18-ல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வளர்ந்த குட்டிகள் பல, வீட்டார் நாலு பேரைத் தவிர யாரையும் பார்க்காமல் அந்த வாரங்களைக் கழித்தன. அவற்றுக்கு எல்லோரும் அந்நியர்.

குட்டிக்குத் தடுப்பூசி முடியும்வரை கையில் தூக்கிக்கொண்டாவது வெளியே காட்டுங்கள். துடோங் (தலைமுக்காடு) அணிந்தவர், சொங்கோக் (மலாய்த் தொப்பி) போட்டவர், குடை பிடித்தவர், வெள்ளைத் தாடித் தாத்தா என எல்லா வகைத் தலையும் கண்ணில் படட்டும். நாயைத் தொடுவது மலாய் அண்டை வீட்டாருக்கு மார்க்க ரீதியில் சங்கடம், அதை மதிக்க வேண்டும். அருகே போகவே வேண்டாம், பத்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தாலே குட்டி கற்றுக்கொள்ளும். வளர்ந்த நாய்க்கும் இதே வழிதான், நாள் மட்டும் அதிகம் பிடிக்கும்.

"புருவத்தைத் தூக்கிக்கிட்டுப் பாவமா பார்க்குதே, நடிக்குதா?"

நடிப்பு என்று சொல்லமாட்டேன். 2019-ல் வெளியான ஓர் உடற்கூற்று ஆய்வில், உட்புருவத்தைத் தூக்கும் ஒரு தசை நாய்களில் நன்கு வளர்ந்திருப்பதும், ஓநாய்களில் அங்கே சில நார்கள் மட்டுமே இருப்பதும் தெரியவந்தது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாய்கள் முகத்தை அதிகம் அசைக்கின்றன, திரும்பி நின்றால் குறைத்துக்கொள்கின்றன என்பதும் 2017-ல் பதிவானது. முகம் என்பது இரண்டு பக்கமும் பேசும் இடம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

"அப்போ தெருநாயையும் கண்ணுக்கு நேரா பார்த்துப் பழகலாமா?"

வேண்டாம். வீட்டு நாயும் வளர்ப்பவரும் பார்த்துக்கொள்வது பாசம். 2015-ல் ஜப்பானிய ஆய்வு ஒன்று, அப்படிப் பார்த்துக்கொள்ளும்போது இருவரிடமும் பாசத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடுவதைக் காட்டியது. அறியாத நாய்க்கு உற்றுப் பார்ப்பது மிரட்டல். பார்வையைச் சற்றுத் தாழ்த்தி, உடலைப் பக்கவாட்டில் திருப்பி நில்லுங்கள். குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் முகம் நாயின் கண் உயரத்திலேயே இருக்கிறது.

"மனுஷ மூளையில முகத்துக்குன்னு தனி இடம் இருக்காமே. நாய்க்கும் இருக்கா?"

இதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. மயக்க மருந்து இல்லாமல், மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கிய நாய்களை வைத்து, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் 2015-ல் முகங்களுக்கு அதிகம் துலங்கும் ஒரு பகுதி இருப்பதாகச் சொன்னது. 2020-ல் புடாபெஸ்ட் குழுவினர் 20 நாய்களுக்கும் 30 மனிதர்களுக்கும் முகத்தையும் பின்னந்தலையையும் காணொளியாகக் காட்டினார்கள். மனித மூளை முகத்துக்கும் பின்னந்தலைக்கும் பெரிய வேறுபாடு காட்டியது. நாய் மூளை அப்படிக் காட்டவில்லை. பார்ப்பது நாயா மனிதரா என்பதே அதற்குப் பெரிய வேறுபாடாக இருந்தது.

என் எண்ணத்தில் இரண்டாவது முடிவு மொட்டைக் கேள்வியோடு நன்றாகப் பொருந்துகிறது. நாய் முகத்தைப் படிக்கத் தெரிந்த பிராணி. ஆனால் நம்மைப் போல முகத்தைத் தனியாக வெட்டி எடுத்துவைத்துப் பார்ப்பதில்லை, முழு ஆளோடு சேர்த்தே பார்க்கிறது.

"வயசாயிடுச்சு. இப்பல்லாம் நான் பக்கத்துல வந்தபிறகுதான் என்னைத் தெரியுது. என்ன செய்யட்டும்?"

ஆறு, ஏழு வயதுக்கு மேல் பல நாய்களுக்குக் கண்மணி நீலம் கலந்த சாம்பலாகத் தெரியத் தொடங்கும். அது பெரும்பாலும் விழியாடி (கண்ணின் லென்ஸ்) இறுகுவதால் வருவது, பார்வையை அதிகம் கெடுக்காது. கண்புரை அப்படி இல்லை, வெள்ளையாகப் படர்ந்து பார்வையை மறைக்கும். இரவில் மட்டும் தடுமாறினால் விழித்திரை நலிவாக இருக்கலாம். எது என்று வெளியில் இருந்து பார்த்து நாமே சொல்வது கஷ்டம், ஆகவே மிருக வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

மணிக்கும் இப்போது கண் மங்கிவிட்டது. தூங்கும்போது தொடாமல், இரண்டடி தள்ளி நின்று பெயர் சொல்லி அழைக்கிறேன். மேசை நாற்காலியை இடம் மாற்றுவதில்லை. வாசலில் விளக்குப் போட்டு, அந்த வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நின்று, அவன் மோந்து முடிக்கும்வரை கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்.